சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் குடும்பம்

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது ஒரு புகாரும் இறங்கும்போது ஒரு புகாரும் சொல்கிறது. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. உன் மாமாவின் குறட்டையும் நலம். கப்பலில் உனக்கு உடம்பு எப்படி?

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே நழுவிவிடுகிறாய். தாளில் எழுதினால் படித்துத்தான் ஆக வேண்டும். துறைமுக முகவரின் விலாசம் உன் வீட்டுக்காரியிடம் வாங்கிக்கொண்டேன்.

நீ கிளம்பிப்போன காலையைப் பற்றி எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே போய்விட்டாய், அதனால் உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. பட்டாணி எழுந்ததும் உன்னைத் தேடினாள். குளியலறை, பால்கனி, துணி அலமாரி. "அப்பா ஒளிஞ்சு விளையாடுறாரு" என்று சிரித்துக்கொண்டேதான் தேடினாளாம். கடைசியில் செருப்பு அடுக்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். உன் ஷூ இல்லை. அதோடு தேடுவதை நிறுத்திவிட்டாள். அழவில்லை. அழவில்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் பள்ளியில் ஒரு விதி உண்டு என்று உனக்குத் தெரியும். பிள்ளையை விட வருகிறவர்கள் அதன் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டலாம். பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரம் பார்த்து நழுவக் கூடாது. பொறுப்பாசிரியையாக நான் வந்த நாளிலிருந்து இதுதான் சட்டம். பெற்றோர்களில் பாதிப் பேர் என்னை வில்லி என்கிறார்கள். இருக்கட்டும்.

இந்தச் சட்டம் என் சொந்தத் தம்பி வீட்டில் மட்டும் செல்லவில்லை.

அடுத்த துறையில் இது உனக்குக் கிடைக்கும். பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

—

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு, மாமாவுக்கு, உன் மகன் பெரியவனுக்கு என் விசாரிப்பைச் சொல். முழங்காலுக்குத் தைலத்தைவிட நடைதான் நல்லது என்று அம்மாவிடம் நீயே சொல். நான் சொன்னால் என்னை ஒரு வழி பண்ணிவிடுவாள்.

எஞ்சின் அறையில் வெயில் காலம், மழைக் காலம் எல்லாம் கிடையாது. எப்போதும் ஒரே வேக்காடு. எண்ணெய் சுத்திகரிக்கும் இயந்திரம் இரண்டில் ஒன்று கோபித்துக்கொண்டு நின்றது. பிரித்துப் போட்டு, சமாதானம் செய்து, மறுபடி ஓட வைத்தேன். இரண்டாம் பொறியாளர் என்றால் பெயர்தான் பெரிது. பாதி நாள் நான் பம்புகளுக்கு மத்தியஸ்தம் செய்கிறவன்.

பட்டாணியைப் பற்றி நீ அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறாய். ஆறு வயதுகூட முடியவில்லை. குழந்தைகள் மறந்துவிடும். அம்மா வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போன அன்றைக்கு, "வாடா, தொட்டியில தண்ணி ஏறுறதக் காட்டுறேன்" என்று நீதானே என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாய்? அம்மா சொல்லிக் கொடுத்தபடி. கீழே இறங்கி வந்தால் ஆள் இல்லை. இன்றைக்கும் வீட்டில் எல்லோரும் கூடினால் சொல்லிச் சிரிக்கிற கதை. நான் என்ன கெட்டா போனேன்? அன்றைக்குத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவன்தான் இன்றைக்குப் பம்புகளோடு குடித்தனம் நடத்துகிறேன்.

ஒரே குறை, சிக்னல். பட்டாணியோடு பேசும்போதெல்லாம் பாதியில் அறுந்துபோகிறது. அவளோடு பேசும்போது மட்டும்தான் அப்படி. கப்பலின் வானலைக்கும் என் மேல் ஏதோ கோபம்.

உன் சட்டத்தை உன் பள்ளியோடு வைத்துக்கொள், வில்லியே.

அன்புத் தம்பி

—

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் நடையைப் பற்றிச் சொன்னேன். "அவன் கப்பல்ல எங்க நடக்குறானாம்?" என்று கேட்டாள். பதிலை நீயே எழுது.

சென்ற வாரம் ஒரு பேருந்து ஓட்டுநர் மகனைச் சேர்க்க வந்தார். பையன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பூனை மாதிரி பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டிவிட்டார். நான் தெருவரை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். "அழுவானேம்மா, பாவம் இல்லையா?" என்றார். "அவன் அழுவான்னு போறீங்களா, நீங்க அழுதுடுவீங்கன்னு போறீங்களா?" என்று கேட்டேன். பெரிய மீசைக்காரர். திரும்பி உள்ளே வந்தார். மகன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார். பையன் ஊரைக் கூட்டி அழுதான். அவர் போனதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டைகளிடம் திரும்பிப் போனான். இப்போது காலையில் அவனே கையசைத்து அப்பாவை விரட்டுகிறான்.

மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது இதுதான்: போகிறவர் சொல்லிவிட்டுப் போவார். அது தெரிந்துவிட்டால், சொல்லாத நேரமெல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்று நிம்மதியாக விளையாடும். தெரியாவிட்டால் விளையாடும்போதும் ஒரு கண் கதவு மேலேயே இருக்கும்.

பட்டாணி என் பள்ளியில் வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. சித்திரம் வரைய மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால், தன் நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். வீட்டில் அவள் அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாடிக்கொண்டே இருக்கிறாளாம். உள்ளேயிருந்து அம்மாவும் பாட வேண்டுமாம். உன் வீட்டுக்காரி மருந்துக்கடையில் மாலை முழுக்க நின்றுவிட்டு வந்து பாட்டுக் கச்சேரியும் நடத்துகிறாள். அவள் குரல் உனக்குத் தெரியும். நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. சிக்னல் அறுந்துபோவதில்லை, தம்பி. போன ஞாயிறு நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "சரிடா கண்ணு, அப்பாவுக்கு வேலை..." என்று நீ ஆரம்பித்தாய். நீ முடிப்பதற்குள் பட்டாணி சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தானாம். முந்திக்கொள்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

—

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கடிதம் போடத் தாமதமாகிவிட்டது. துறைகளில் நிற்கிற நேரம் குறைவு.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் மூன்றாம் பொறியாளர் இறங்க வேண்டிய நாள். அவருக்குப் பதிலாக வந்தவர் அப்போதுதான் ஏணியில் ஏறுகிறார். இவர் பெட்டியோடு ஏணி வாசலில் நிற்கிறார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். "எல்லாம் எழுதி வச்சிருக்கேன் சார், படிச்சுக்குவாரு" என்றார். நான் விடவில்லை. பெட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். "எழுதினது இருக்கட்டும். போறவனும் வர்றவனும் சேர்ந்து நடக்கணும். எந்தப் பம்பு ஒழுகுது, எந்த வால்வு பாதிதான் மூடும், எது சத்தம் போட்டாலும் பயப்பட வேண்டாம், எது சத்தம் போடாட்டி பயப்படணும், அதையெல்லாம் வாயால சொல்லி, கையைக் குலுக்கி, அப்புறம் இறங்கு" என்றேன். முணுமுணுத்தார். நடந்தார். விமானமும் கிடைத்தது.

ஒப்படைக்காமல் இறங்கினால் கப்பல் ஓடாது என்றில்லை. ஓடும். வந்தவன் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டே திரிவான்.

கம்பெனியில் இன்னும் இரண்டு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

பெரியவன் விடுதிக்குப் போகிறான் என்று தன் மாப்பிள்ளைத் தோரணையில் மாமா செய்தி அனுப்பியிருந்தார். வாழ்த்துகள் சொல்.

அன்புத் தம்பி

—

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை நான் ஒரு முறை படித்தேன், அம்மா இரண்டு முறை படித்தாள். சிவப்புப் பொத்தானைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பம்பு பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நீ பிறந்ததிலிருந்து உன்னை அறிந்தவள் நான். எனக்கு அந்தப் பக்கமே போதும்.

பெரியவன் போன வாரம் கிளம்பினான். பதினாறு வயது. ஒரு வாரம் முன்பிருந்தே நிபந்தனைகள். "அம்மா, பஸ் நிலையத்துக்கு வரக் கூடாது. அழக் கூடாது. எல்லார் முன்னாடியும் கட்டிப் பிடிக்கக் கூடாது. முக்கியமா, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது." அவனுக்கு நான் வைத்த செல்லப்பெயரைத்தான் சொல்கிறான். எழுதிக் கையெழுத்து வாங்காததுதான் குறை. சரி என்றேன். மூன்று வயதில் பிள்ளை பார்க்க நாம் போக வேண்டும். பதினாறில் நாம் பார்க்கப் பிள்ளை போக வேண்டும், அதுவும் நாம் பார்ப்பது அவனுக்குத் தெரியாத மாதிரி. வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனையில் நின்றேன். முனை திரும்புகிறவரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முனையில், முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் பின்னால் தூக்கி ஆட்டினான். செடி அன்று மூழ்கிப்போனது.

இப்போது உன் விஷயம். கப்பலில் பெட்டியைப் பிடுங்கி வைக்கிற ஆள், வீட்டிலிருந்து மட்டும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்குகிறாய். அங்கே யாரும் ஒப்படைக்காமல் போகக் கூடாது. இங்கே போகிறவன் நீ என்றால் பரவாயில்லையா? இரண்டு மாதம் கூட்டிக் கேட்டார்கள், சரி என்றாயே, அது அவர்களுக்காகவா? வந்தால் திரும்பக் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்குப் பயந்துதான் நீ வராமலே இருக்கிறாய் என்று நான் நினைக்கிறேன். இல்லையென்றால் இல்லையென்று எழுது.

அம்மா தானும் எழுத வேண்டும் என்கிறாள். தாளைக் கொடுக்கிறேன்.

*தம்பிக்கு, அம்மா எழுதுவது. முழங்காலைப் பற்றி யாரும் எழுத வேண்டாம், அது என் முழங்கால். அன்றைக்கு நான் மாடிக்கு ஏறி வந்து உன்னிடம் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். நீ என் புடவையைப் பிடித்திருப்பாய், நான் பெட்டியைக் கீழே வைத்திருப்பேன். போகாமல் இருந்திருந்தால் உங்கள் இரண்டு பேர் படிப்பும் இல்லை, இந்த வீடும் இல்லை. அதனால் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அது நான் திடமாக இருந்ததால் செய்த காரியம் இல்லை. திடம் போதாததால் செய்தது. அதை நீ குடும்ப வழக்கம் என்று எடுத்துக்கொண்டு செய்யாதே. திரும்பி வந்தபோது நீ என் பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தாய். அதை யாரும் சிரிக்கிற கதையாகச் சொல்வதில்லை. வா.*

அவ்வளவுதான் எழுதினாள். எழுதிவிட்டு நடைக்குப் போய்விட்டாள்.

அன்புடன்,
அக்கா

—

ஜூலை 19

அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு என் வணக்கம்.

பெட்டியை ஒளித்து வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கும் என்று தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் இறங்குகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் வீட்டில் இருப்பேன். திரும்பக் கிளம்பும்போது அவளிடம் எப்படிச் சொல்வது? உன் மீசைக்கார ஓட்டுநர் சாயங்காலம் வந்துவிடுவார். நான் அடுத்த முறை நான்கு மாதம் போகிறவன். உன் சட்டத்தில் எனக்கு ஏதாவது பிரிவு இருக்கிறதா?

தம்பி

—

ஜூலை 31

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பிரிவு இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன். மிச்சம் உன் பாடு.

நாலைந்து நாள் முன்பே சொல்லிவிடு. ரொம்ப முன்னால் சொன்னால் லீவு முழுக்க அந்தப் பேச்சாகிவிடும். "சீக்கிரம் வந்துருவேன்" என்று சொல்லாதே. அவள் கணக்கில் சீக்கிரம் என்றால் சாப்பாட்டுக்குள். வாரமும் மாதமும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் கண்ணால் பார்க்க முடிகிற எதையாவது சொல். பொம்மை வாங்கிக் கொடுத்து அதன் மறைவில் கிளம்பாதே. பகலில் கிளம்பு. அழுதால் "அழக் கூடாது" என்று சொல்லாதே. வாசலில் பேச்சை வளர்க்காதே. சொன்ன பிறகு நின்றால் அவளுக்குக் குழப்பம்.

கடைசியாக ஒன்று. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே நீ நடக்க வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை.

நீ கிளம்பும் அன்று நான் வரமாட்டேன். வந்தால் என்னைப் பார்த்ததும் நீ அன்றைக்கு மாதிரி மறுபடி மாடிக்கு ஓடிவிடுவாய்.

அன்புடன்,
அக்கா

—

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமா? கப்பலில் ஏறி வேலையை வாங்கிக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்தவர் முழுக்கக் கூட நடந்து ஒப்படைத்தார்.

உன் கட்டளைகளில் ஒன்றை மட்டும் மீறினேன். வாசலில் பேச்சு கொஞ்சம் வளர்ந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லீவு முழுக்க அவள் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். யாரைப் பார்த்தாலும் வாயைத் திறந்து நாக்கால் ஆட்டிக் காட்டினாள். அதையே பிடித்துக்கொண்டேன். "இந்தப் பல்லு விழும். அப்போ அப்பா கப்பல்ல இருப்பேன். அப்புறம் அந்த இடத்துல புதுசு எட்டிப் பார்க்கும். அப்பவும் கப்பல்லதான். அது பக்கத்துப் பல்லோட தோளுக்கு வரும்போது நான் வந்துருவேன்." அவள் யோசித்தாள். "பல்லுக்குத் தோள் இருக்கா?" என்றாள். கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டு பேரும் பார்த்து, எதைத் தோள் என்று வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

கிளம்பும் அன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, "வா, வீட்டை ஒரு சுத்து சுத்துவோம்" என்றேன். கப்பலில் செய்கிற மாதிரி. சமையலறைக் குழாயை இறுக்கி மூடினால்தான் நிற்கும். பால்கனிக் கதவு காற்றுக்குக் கத்தும், அது பேய் இல்லை. குளிர்பெட்டி ராத்திரி பெருமூச்சு விடும், பயப்பட வேண்டாம். இதையெல்லாம் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை, உனக்குத் தெரிந்திருந்தால் போதும் என்றும் சொன்னேன். கடைசியில் அவளே என் கையைப் பிடித்துச் செருப்பு அடுக்குக்குக் கூட்டிப்போனாள். திறந்தாள். "ஷூவை நீங்க எடுக்காதீங்க. நான் எடுத்துத் தரேன்" என்றாள். எடுத்துக் கொடுத்தாள். நான் போட்டுக்கொண்டேன்.

"போயிட்டு வரேன்" என்று சொன்னேன். எத்தனையோ துறைகளில் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறேன். வீட்டு வாசலில் சொன்னதே இல்லை என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

அழுதாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் எஞ்சின் அறையிலும் கேட்டதில்லை. காலைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா வந்து தூக்கிக்கொண்டாள். "போங்க. நாங்க பாத்துக்குறோம், போங்க" என்றாள். படி இறங்கினேன். தெருவில் திரும்பிப் பார்த்தேன். பால்கனியில் அம்மா இடுப்பில் இருந்தாள். அழுகை நிற்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள், அக்கா. முனை வரைக்கும் பார்த்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு என் முறை வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார்.

அன்புத் தம்பி

—

நவம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மா தினமும் பூங்காவைச் சுற்றி நடக்கிறாள். நடை நல்லது என்று அவளே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறாள். நான் மறுக்கவில்லை, நீயும் மறுக்காதே. பெரியவன் மூன்று வரியில் கடிதம் போட்டான். மூன்றாவது வரியில் தன் செல்லப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தான்.

நீ போன பிறகு பட்டாணி நன்றாக அழுதிருக்கிறாள். அப்புறம் உன் வீட்டுச் செருப்பை எடுத்து, ஷூ இருந்த இடத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, பசிக்கிறது என்றாளாம். அடுத்த சில நாள்கள் கொஞ்சம் முரண்டு. எல்லாம் சொர்க்கம் என்று நான் எழுத மாட்டேன். ராத்திரியில் இன்னும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். குளியலறைக் கச்சேரி மட்டும் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் சார்பில் நன்றி.

பல் விழுந்துவிட்டது. வகுப்பில், நான் ஒட்டும் பசையைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது. மற்ற பிள்ளைகள் கத்தினார்கள். இவள் எழுந்து நின்று, "எங்கப்பா இன்னும் கப்பல்லதான் இருக்காரு" என்று வகுப்புக்கு அறிவித்தாள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என்னைப் பள்ளியில் "டீச்சர்" என்று மட்டுமே கூப்பிடுகிறவள், அன்றைக்கு மறந்து "அத்தை, முதல் பாதி முடிஞ்சுது" என்றாள்.

பிறகு உட்கார்ந்தாள். நாற்காலி வாசலைப் பார்த்து இல்லை. எப்போதிலிருந்து அப்படி என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன். பிள்ளைகள் விஷயத்தில் நான் எதையாவது தவறவிட்டேன் என்று எழுதுவது இதுதான் முதல் முறை. பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

—

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் நடைக்கும் மாமாவின் குறட்டைக்கும் என் வாழ்த்து.

போன வாரம் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார். எனக்குப் பதில் வர வேண்டியவர் தாமதிக்கிறார், இன்னும் இரண்டு மாதம் இருக்க முடியுமா என்றார். "முடியாது சார், பல்லு தோளுக்கு வந்துருச்சு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். விளக்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எனக்கு ரெண்டு பசங்க. பல்லு எப்ப விழுந்துச்சு, எப்ப முளைச்சுதுன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார். ஆள் வருகிறார். அடுத்த துறையில் ஒப்படைத்துவிட்டு இறங்குகிறேன்.

நேற்றுப் பட்டாணியோடு பேசினேன். வாயைத் திறந்து கேமராவில் ஒட்டிக்கொண்டு காட்டினாள். பல்லைத் தவிர எல்லாம் தெரிந்தது. "வந்துட்டு மறுபடி எப்பப் போவீங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அவள் இதுவரை கேட்டதே இல்லை. சொன்னேன். இன்னொரு பல் ஆட ஆரம்பித்திருக்கிறதாம். அதை வைத்து மறுபடி கணக்குப் போடலாம் என்று சொன்னேன். முகம் சுருங்கியது. சரி என்றாள். அந்தச் சரி முழுச் சரி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள், பதிலைக் கேட்டுவிட்டு அங்கேயே இருந்தாள்.

வேலை நேரம் வந்துவிட்டது. "அப்பா வைக்கட்டுமாடா?" என்றேன். சிவப்புப் பொத்தானுக்கு நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"நீங்க வைங்கப்பா. நான் வைக்க மாட்டேன்" என்றாள்.

போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான்தான் வைத்தேன்.

நேரில் பார்ப்போம்.

உன் தம்பி